மூன்றாவது பேட்ச்சும் புளித்துவிட்டது, சானிடைசர் இரட்டிப்பாகப் போட்டும்

வோர்ட்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை. கடைசி மூன்று பேட்ச்சும் வரிசையாகக் கெட்டுவிட்டன. அதுவும் மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருக்கின்றன.

என்னிடம் இருப்பது 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அடியில் குழாய் வைத்தது. காய்ச்சியது சாதாரண பேல் ஏல். தொடக்க அடர்த்தி 1.050 (சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும்). பன்னிரண்டாம் நாள் 1.011க்கு இறங்கி, அப்புறம் மூன்று நாள் அசையவில்லை. ருசி பார்த்தேன், நன்றாக இருந்தது. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தேன். இரண்டாவது வாரம் திறந்த பாட்டில் அருமை. ஐந்தாவது வாரம் திறந்தால் பாதி பாட்டில் பொங்கி வெளியே போகிறது. மீதியைக் குடித்துப் பார்த்தால் புளிப்பு, சாரமே இல்லாமல் நீர்த்துக் கிடக்கிறது. கேஸ் முழுக்கப் போகும்வரை கலக்கிவிட்டு அளந்தேன், 1.005 காட்டியது. பாட்டில் கழுத்தில், பீர் மட்டம் நிற்கும் இடத்தில் வெளிறிய வளையம் ஒன்று படிந்திருக்கிறது.

முதல் பேட்ச் கெட்டதும் ஈஸ்ட்டை மாற்றினேன். இரண்டாவது கெட்டதும் சானிடைசர் அளவை இரட்டிப்பாக்கினேன். நான் பயன்படுத்துவது ஸ்டார் சான். வாளியைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, அப்புறம் சானிடைசர் ஊற்றிக் குலுக்கி, குழாய் வழியாகவும் கொஞ்சம் விடுகிறேன். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? வாளியையே மாற்ற வேண்டுமா?

ஹாப்ஸ்கொடி:
மாற்றுங்கள். இரண்டு வருடம் ஆன பிளாஸ்டிக் வாளியை நான் நம்ப மாட்டேன். ஸ்பாஞ்சின் சொரசொரப்பான பக்கத்தால் ஒரு தடவை தேய்த்திருந்தாலே போதும், உள்ளே மெல்லிய கீறல் விழுந்திருக்கும். பாக்டீரியா சில மைக்ரோமீட்டர் நீளம்தான். அது அந்தக் கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டால் உங்கள் சானிடைசர் மேலே ஓடிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிட்டால் இந்தக் கவலை இல்லை. நான் மாறி மூன்று வருடம் ஆகிறது.

பழையபீப்பாய்:
தம்பி, வாளியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பாட்டில்களைக் கவனியுங்கள். 1.011இல் அடைத்தது 1.005க்கு வந்திருக்கிறது என்றால், நீங்கள் போட்ட சர்க்கரை தந்த கேஸுக்கு மேலே இன்னும் நிறையக் கேஸ் உள்ளே சேர்ந்திருக்கிறது. இன்னும் சேர்ந்துகொண்டே இருக்கும். பாட்டில் வெடித்தால் கண்ணாடிச் சில்லு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் இன்றே குளிரில் வையுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும், கிருமிகளும் மந்தமாகிவிடும். நன்றாகக் குளிர்ந்த பிறகு கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, தடித்த துண்டை பாட்டில் மேல் சுற்றி ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டுங்கள். ஒன்றிரண்டை வைத்திருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

அப்புறம் சில கேள்விகள். குழாயைக் கடைசியாக எப்போது முழுக்கக் கழற்றினீர்கள்? குழாயை வாளியிலிருந்து எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. குழாயையே இரண்டு பாகமாகப் பிரித்தீர்களா என்று கேட்கிறேன். பாட்டில் நிரப்பும் ஹோஸ் எவ்வளவு பழையது? இதே வாளியில் சேசோன் (பெல்ஜிய வகை பீர்) ஏதாவது காய்ச்சினீர்களா?

இரட்டிப்பு அளவு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டார் சான் அளவு 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. அந்த அளவில் போட்டால்தான் அலசாமல் விடலாம். அதற்கு மேல் போனால் அந்தச் சலுகை கிடையாது, அலச வேண்டும். அலசினால் அலசிய தண்ணீரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும். ஆகவே அளவைக் கூட்டி ஒரு லாபமும் இல்லை.

நுரைமுகடு:
நான் இவ்வளவு யோசிப்பதில்லை. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முன்னால் பிளீச் கலந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுவேன். எதுவும் தப்பாது. ஸ்டார் சான் அமிலம்தானே, அதோடு கொஞ்சம் பிளீச்சும் சேர்த்துவிட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யுமே?

நுண்நோக்கி:
நுரைமுகடு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேறு யாராவது இதைப் படித்துவிட்டுச் செய்துவிடக் கூடாது என்பதற்காக முதல் வேலையாக எழுதுகிறேன். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஸ்டார் சானில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. சிட்ரிக் அமிலமானாலும் வினிகரானாலும் இதே கதைதான். ஒரே வாளியில் ஒன்றைப் போட்டு, சரியாக அலசாமல் அடுத்ததை ஊற்றினாலும் ஆபத்துதான்.

பிளீச் கிருமியைக் கொல்லும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பீருக்கு அது எதிரி. குளோரின் மிச்சம் இருந்தால் மால்ட்டிலிருந்து (முளைகட்டிய பார்லி) வரும் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால் உண்டாகும். மருத்துவமனை வாடை, பிளாஸ்டர் வாடை என்று சொல்வார்களே, அதுதான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பிளீச்சை ஊறவிட்டால் குளோரைடு அதன் மேலிருக்கும் காப்புப் படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். இரவு முழுக்க என்றால் நிச்சயம் வேண்டாம்.

வோர்ட்வாசி சொல்லும் அறிகுறிகளைப் பற்றி: புளிப்பு என்றாலே லாக்டிக் அமில பாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். லாக்டோபேசில்லஸ், இல்லையென்றால் பீடியோகாக்கஸ். பீடியோகாக்கஸ் என்றால் பெரும்பாலும் வெண்ணெய் மாதிரி ஒரு மணமும் சேர்ந்து வரும். வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டோபேக்டர், அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். நன்றாக அடைத்த பாட்டிலுக்குள் அது பெரிதாக வளராது. உங்களுக்கு வந்தது எந்தப் புளிப்பு?

வோர்ட்வாசி:
அனைவருக்கும் நன்றி. பாட்டில் எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். நாளை கொட்டுகிறேன். மனசே இல்லை, ஆனால் பழையபீப்பாய் அண்ணா சொல்வது புரிகிறது.

அக்கா, வினிகர் வாடை இல்லை. வெண்ணெய் மணமும் இல்லை. சுத்தமான கூர்மையான புளிப்பு.

அண்ணா, குழாயை வாளியிலிருந்து இரண்டு மூன்று தடவை கழற்றியிருக்கிறேன். ஆனால் குழாயையே பிரிக்கலாம் என்பது இப்போதுதான் தெரியும். ஒரே பாகமாகத்தான் தெரிகிறது. ஹோஸ் தொடக்கத்தில் வாங்கியதேதான். சேசோன் ஒருமுறை காய்ச்சினேன், எட்டு மாதம் இருக்கும். அது 1.002க்கு இறங்கியது. அதன் பிறகு நடுவில் நான்கு பேட்ச் நன்றாகவே வந்தது.

நுண்நோக்கி:
சேசோன் ஈஸ்ட் சிலவற்றில் டயாஸ்டாடிகஸ் என்ற வகை உண்டு. அதனிடம் எஸ்டிஏ1 என்ற மரபணு இருக்கும். சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்டுவிடும் டெக்ஸ்டிரின் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலியை இது குளுகோஅமிலேஸ் என்ற நொதியால் உடைத்துத் தின்றுவிடும். மெதுவாகத்தான் தின்னும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, பிறகு பொங்கும். நீங்கள் சொல்லும் நீர்த்துப்போன ருசிக்கும் பாட்டில் பொங்கி வழிவதற்கும் அது பொருந்துகிறது. ஆனால் அது புளிப்பு தராது. ஆகவே பாக்டீரியா இருப்பது உறுதி. அதோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே அழுக்கில் குடியிருக்கும்.

பழையபீப்பாய்:
எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்வதைவிட எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது அவசியம். அதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. செலவு மூன்று கண்ணாடி ஜாடி, மூன்று நாள் பொறுமை, அவ்வளவுதான். பொருள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து இன்னும் மூன்று பேட்ச் கொட்டுவதைவிட இது மேல்.

அடுத்த முறை காய்ச்சும்போது மூன்று ஜாடியையும் மூடியோடு கால் மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொதி முடிந்ததும், வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) சூடாக இருக்கும்போதே, கொதிக்க வைத்த கரண்டியால் நேராகப் பானையிலிருந்து முதல் ஜாடியை நிரப்புங்கள். வோர்ட்டைக் குளிரவைத்து ஹோஸ் வழியாக விடும்போது, ஹோஸின் நுனியிலிருந்து இரண்டாவது ஜாடி. வோர்ட் முழுவதும் வாளிக்குள் இறங்கிய பிறகு, ஈஸ்ட் போடுவதற்கு முன்னால், வாளியின் குழாயைத் திறந்து மூன்றாவது ஜாடி. ஈஸ்ட்டுக்கு முன்னால் என்பதை மறக்கக் கூடாது. ஒரு துளி ஈஸ்ட் கலந்தாலும் சோதனை வீண்.

மூடியைத் தளர்வாக வைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, 30 டிகிரி செல்சியஸ் போல இருக்கும் இடத்தில் மூன்று நாள் வையுங்கள். நன்றாகக் கழுவிக் கிருமி நீக்கிய சாமான் வழியாக வந்த வோர்ட் மூன்று நாளும் தெளிவாக நிற்கும். ஒரே நாளில் கலங்கினாலோ குமிழி வந்தாலோ அந்த இடத்தில் பெரிய தொற்று இருக்கிறது என்று அர்த்தம். முதல் ஜாடியே கலங்கினால் ஜாடியும் கரண்டியும் சரியாகக் கொதிக்கவில்லை, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஜாடியில் இருப்பதை ருசி பார்க்காதீர்கள். நொதிக்காத வோர்ட்டில் ஆல்கஹால் இல்லை, அமிலத்தன்மையும் போதாது. முடிந்த பீரில் வளர முடியாத கெட்ட கிருமிகளும் அதில் வளரும். பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

இரவடுப்பு:
இந்தச் சோதனையை நானும் செய்யப் போகிறேன், நன்றி.

எல்லோரும் சானிடைசரைப் பற்றியே பேசுகிறோம், கழுவுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. வோர்ட்வாசி, பாத்திரச் சோப்பு எண்ணெய்ப் பசையை எடுக்கும். நொதிக்கும்போது வாளியின் மேல் விளிம்பில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்கிறதே, அது ஈஸ்ட்டும் புரதமும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் பிசினும் சேர்ந்து காய்ந்தது. அது சோப்புக்கு அவ்வளவாக அசையாது. அசையவில்லை என்று நாம் ஸ்பாஞ்சை அழுத்துவோம், கீறல் விழும். சோப்பின் வாசனை வேறு பிளாஸ்டிக்கில் ஏறிவிடும், நுரையும் நிற்காது.

அதற்குச் சோடியம் பெர்கார்பனேட் போதும். தண்ணீரில் கரைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவும் ஆகிவிடும். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், தண்ணீர் 50 டிகிரி பக்கம். சூடு குறைந்தால் வேகமும் குறையும், அப்போது இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அந்த வளையம் மெத்தென்ற துணியாலேயே வந்துவிடும். தேய்க்கவே வேண்டாம். பிபிடபிள்யூ என்று விற்பதிலும் முக்கியமாக இதுதான், கூடவே சோடியம் மெட்டாசிலிகேட் இருக்கும். அதனால் இன்னும் கொஞ்சம் வலுவாக வேலை செய்யும், ஸ்டீலுக்கும் நல்லது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இது முக்கியம். பெர்கார்பனேட் கரைசல் தொடர்ந்து ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். அது தெரியாமல் ஒரு கண்ணாடிக் குடுவையில் வெந்நீரோடு கலந்து, மூடியை இறுக்கிக் குலுக்கினேன். மூடி கூரையில் போய் அடித்தது. காரநீர் முகம் முழுக்கத் தெறித்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அன்றிலிருந்து ஊறவைக்கும் எதையும் நான் மூடுவதில்லை. கண்ணாடிக் குடுவையில் கொதிநீரை நேராக ஊற்றவும் கூடாது, சட்டென்று விரிசல் விடும். பெட் பிளாஸ்டிக் குடுவை என்றால் வெந்நீரில் சுருங்கி வளைந்துவிடும், அதற்கு வெதுவெதுப்பே போதும்.

ஹாப்ஸ்கொடி:
எனக்குப் பெர்கார்பனேட் போதவில்லை என்று தோன்றும்போது காஸ்டிக் சோடா போடுகிறேன். பெரிய மதுக்கலன்களில் அதுதானே பயன்படுகிறது?

இரவடுப்பு:
அங்கே பம்ப் வைத்து, மூடிய கலனுக்குள்ளேயே சுழற்றிக் கழுவுகிறார்கள். வேலை செய்பவர்கள் முகக்கவசமும் முழங்கைவரை கையுறையும் போட்டிருப்பார்கள். வீட்டில் வாளியில் கையை விட்டுக் கழுவும் நமக்கு அது வேண்டாம். தோலையும் கண்ணையும் கரைத்துவிடும். அலுமினியப் பானையில் பட்டால் பானையையே தின்றுவிட்டு ஹைட்ரஜன் வாயுவை விடும். சூடும் இன்னும் கொஞ்சம் நேரமும் கொடுத்தால் பெர்கார்பனேட்டுக்கு மசியாத அழுக்கு வீட்டு அளவில் பெரும்பாலும் இருக்காது.

நுண்நோக்கி:
கழுவுவதைப் பற்றிப் பேச்சு வந்தது நல்லது. சானிடைசர் ஏன் அழுக்கின் மேல் வேலை செய்வதில்லை என்று பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டதும் தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலத்தைச் சுரந்துகொள்ளும். உயிர்ப்படலம் என்போம். தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அந்தப் படலத்தின் மேல் அடுக்கில் அமிலம் பட்டு அங்கே இருப்பவை சாகும். அடியில் இருப்பவை தப்பித்துவிடும். அயோடின் சேர்ந்த சானிடைசரான அயோடோஃபோர் போட்டாலும் இதே நிலைதான், அழுக்கில் இருக்கும் கரிமப் பொருளோடு வினைபுரிந்தே அயோடின் தீர்ந்துபோகும். அது தீர்ந்துபோவதை நிறம் வெளுப்பதை வைத்துக் கண்ணாலேயே பார்க்கலாம். சானிடைசர் என்பது ஏற்கெனவே சுத்தமான பரப்பில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டைக் கொல்ல வந்தது. ஒன்றிரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும் என்று போத்தலில் போட்டிருப்பதும் சுத்தமான பரப்பைக் கணக்கில் வைத்துத்தான்.

இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி எழுதிய நூலில், பீர் கெடுவதற்குக் காரணம் வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர்கள்தான் என்று நுண்நோக்கியில் பார்த்துக் காட்டினார். அப்புறம் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் ஒரு படி மேலே போனார். பாக்டீரியா மட்டும் இல்லை, நாம் விரும்பாத ஈஸ்ட்டும் பீரைக் கெடுக்கும் என்று கண்டுபிடித்து, 1883இல் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்த்த சுத்தமான ஈஸ்ட்டைக் கொடுத்தார். ஆலையின் உரிமையாளர் ஜேகப்சன் அதை மற்ற ஆலைகளுக்கும் பகிர்ந்தார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இன்று நாம் பாக்கெட்டைக் கிழித்துத் தூவும் ஈஸ்ட் அந்த வழியில் வந்ததுதான். அவ்வளவு சுத்தமாகக் கைக்கு வருவதை அழுக்குக் குழாய் வழியாக விடலாமா?

வோர்ட்வாசி, உங்கள் பீர் பாட்டிலில் அடைக்கும்வரை நன்றாக இருந்ததும் இதற்குப் பொருந்துகிறது. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் இந்த வகை பாக்டீரியாவை அடக்கி வைக்கும், ஆல்கஹாலும் சேர்ந்து அடக்கும். ஆனால் சில இனங்கள் ஹாப்ஸைத் தாங்கும். அவை குறைந்த எண்ணிக்கையில் உள்ளே போய், மெதுவாகப் பெருகி, நாக்குக்குத் தெரிய சில வாரம் எடுத்துக்கொள்ளும்.

வோர்ட்வாசி:
ஞாயிற்றுக்கிழமை காய்ச்சினேன், இன்று புதன். முடிவைச் சொல்கிறேன்.

முதல் ஜாடி கண்ணாடி மாதிரி தெளிவு. இரண்டாவது ஜாடியும் தெளிவு, அடியில் கொஞ்சம் புரதக் கசடு மட்டும் படிந்திருக்கிறது. மூன்றாவது ஜாடி திங்கள் மாலையே கலங்கிவிட்டது. செவ்வாய் காலையில் குமிழி. இன்று மேலே மெல்லிய ஆடை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது.

சோதனைக்கென்றே சிறிய அளவில் காய்ச்சியதால் வாளியில் இருந்ததைக் கொட்டிவிட்டுக் குழாயை எடுத்தேன். பழையபீப்பாய் அண்ணா சொன்னபடி, பிடியைத் திருப்பி நடுவில் இருக்கும் பாகத்தைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பத்து நிமிடம் சுடுநீரில் போட்டுவிட்டு, அடியிலிருந்து ஒரு மரக்கட்டைப் பிடியால் அழுத்தினேன். வந்துவிட்டது. இரண்டு உருளை, ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் இருந்ததை எழுதவே சங்கடமாக இருக்கிறது. பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான சளி, அதில் ஹாப்ஸ் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு. முகர்ந்தால் அதே கூர்மையான புளிப்பு. வாளிச் சுவருக்கும் குழாயின் வாஷருக்கும் இடையிலும் கருப்பாக ஒரு வளையம். இரண்டு வருடமாக ஒவ்வொரு பேட்ச்சும் இதன் வழியாகத்தான் பாட்டிலுக்குப் போயிருக்கிறது.

பழையபீப்பாய்:
கிடைத்துவிட்டது. இனி மனக்கஷ்டம் வேண்டாம்.

குழாயைத் திறந்து சானிடைசரை ஓடவிட்டீர்கள், அது நடுத்துளை வழியாக ஓடியது. இரண்டு உருளைக்கும் இடையில் இருக்கும் மெல்லிய இடுக்கில் அது போகவே இல்லை. ஆனால் பீர் அங்கே போகும், ஏனென்றால் வாரக்கணக்கில் நிற்கிறது. பிடியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கில் இருப்பது துளைப் பக்கம் வந்து சேரும்.

இந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுப் புதிதாக ஒன்று பொருத்துங்கள், வாஷரையும் சேர்த்து. இரண்டு வருடப் படலத்தோடு போராடுவதில் அர்த்தம் இல்லை. ஹோஸையும் மாற்றுங்கள். இரண்டாவது ஜாடி தெளிவாக இருந்தது உண்மைதான், ஆனால் அது நீங்கள் வோர்ட் இறக்கும் ஹோஸ். பாட்டில் நிரப்பும் ஹோஸ் இந்தக் குழாயின் வாயில் மாட்டியிருந்தது. உள்ளே வழுவழுப்பு இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்க முடியாத எதையும் நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். வாளியை வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கீறல் தெரியவில்லை என்றால் பெர்கார்பனேட்டில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி ஜாடிச் சோதனை செய்து பாருங்கள். மூன்று நாள் தெளிவாக நின்றால் வாளி நல்ல வாளி.

ஹாப்ஸ்கொடி:
கீறலைப் பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் குழாயைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை, அது உண்மை. இதைப் படித்த பிறகு என் ஸ்டீல் கலனின் பால் வால்வைக் (உள்ளே ஓர் உருண்டை சுழன்று திறந்து மூடும் குழாய்) கழற்றினேன். மூன்று பாகமாகப் பிரியும் வால்வு. மூன்று வருடத்தில் இதுதான் முதல் முறை. உருண்டைக்குப் பின்னால், வெள்ளை வளையத்தைச் சுற்றி, ஹாப்ஸ் பசையாகக் கெட்டித்துப்போயிருந்தது. என் பீர் கெடவில்லை, ஆனால் கெட்டிருந்தால் நானும் ஈஸ்ட்டைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன்.

பிரியாத வால்வு வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

பழையபீப்பாய்:
பாதி திறந்த நிலையில் சூடான பெர்கார்பனேட்டில் ஊறவிடுங்கள், நடுநடுவே திறந்து மூடுங்கள். பாதி திறந்திருந்தால்தான் உருண்டைக்குப் பின்னால் தண்ணீர் போகும். அப்படியே நொதிப்புக்கு முன்னால் சானிடைசரிலும். அவசரம் இல்லாதபோது பிரியும் வால்வாக மாற்றிவிடுங்கள்.

கெக் (பீர் அடைத்து வைக்கும் ஸ்டீல் பீப்பாய்) வைத்திருப்பவர்களும் இதே கண்ணோடு பாருங்கள். ஹோஸ் மாட்டும் முனையான போஸ்ட், அதற்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங், நீளக்குழல், ஓ-ரிங் எல்லாம் கழற்றக்கூடியவை.

நுரைமுகடு:
பிளீச்சை நிறுத்திவிட்டேன், நுண்நோக்கி அக்காவுக்கு நன்றி. அந்தப் பிளாஸ்டர் வாடை எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. இத்தனை நாள் தண்ணீரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். பெர்கார்பனேட் போட்டுக் கழுவிய ஸ்டீல் கலனில் வெள்ளையாகப் பொடி மாதிரி படிகிறது. இன்னொரு இடத்தில் மங்கலான பழுப்புத் திட்டு, நகத்தால் சுரண்டினால் சொரசொரக்கிறது. இரண்டும் ஒன்றா?

நுண்நோக்கி:
இல்லை. வெள்ளைப் பொடி உங்கள் தண்ணீரின் கடினத்தன்மையால் வருவது. தண்ணீரில் இருக்கும் கால்சியம், சலவை சோடாவோடு சேர்ந்து கார்பனேட்டாகப் படிகிறது. நீர்த்த சிட்ரிக் அமிலம் விட்டால் உடனே போய்விடும். பழுப்புத் திட்டு பீர்க்கல். அது கால்சியம் ஆக்சலேட், கூடவே புரதமும் சிக்கியிருக்கும். எத்தனை இரவு பெர்கார்பனேட்டில் ஊறினாலும் அசையாது, காரத்துக்கு அது மசியாது. முதலில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கழுவியால் ஊறவைத்து, அலசி, அதன் பிறகு பெர்கார்பனேட். அமிலம் முதலில், காரம் இரண்டாவது. இரும்பு நார் வைத்துச் சுரண்டிவிடாதீர்கள், அந்தக் கோடுகளில் அடுத்த கல் இன்னும் சீக்கிரம் படியும்.

இரவடுப்பு:
பாட்டிலைப் பற்றி ஒரு வரி. குடித்து முடித்ததும் உடனே மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டால், பிறகு கழுவ வேண்டிய வேலையே பாதி இல்லை. அடியில் ஈஸ்ட் காய்ந்து பூஞ்சை வந்த பாட்டிலை நான் வைத்துக்கொள்வதில்லை. வோர்ட்வாசி, கழுத்தில் வளையம் வந்த பாட்டில்களைப் பெர்கார்பனேட்டில் ஊறவைத்து, பிரஷ் விட்டு, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மட்டும் திரும்பப் பயன்படுத்துங்கள்.

வோர்ட்வாசி:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். இழையைத் தேடி வருபவர்களுக்கு முடிவு தெரிய வேண்டும்.

புதுக் குழாய், புது வாஷர், புது ஹோஸ். வாளியைப் பெர்கார்பனேட்டில் ஓர் இரவு ஊறவைத்து நன்றாக அலசினேன். காய்ச்சிய அன்று ஜாடிச் சோதனையும் செய்தேன். மூன்று ஜாடியும் நான்காம் நாள் வரை தெளிவாக நின்றன. ஸ்டார் சான் இப்போது சரியான அளவில்தான். முன்பு போட்டதில் பாதி.

அதே பேல் ஏல். 1.049இல் தொடங்கி 1.011இல் நின்றது. பாட்டிலில் அடைத்து இன்றோடு ஆறு வாரம். நேற்று ஒன்றைத் திறந்து, கேஸ் போகும்வரை கலக்கி அளந்தேன். 1.011. கழுத்தில் வளையம் இல்லை. பொங்கவில்லை. ஹாப்ஸ் மணம் இன்னும் இருக்கிறது, மால்ட்டின் இனிப்பும் அடியில் தெரிகிறது. அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பாட்டில் அடைத்த அன்றே, கைச்சூடு ஆறுவதற்குள் குழாயைப் பிரித்துவிடுகிறேன். ஈரமாக இருக்கும்போது பத்து விநாடி வேலைதான். காயவிட்டால்தான் மறுபடியும் சுடுநீரும் மரக்கட்டையும் தேவைப்படுகிறது. பிரித்த பாகங்களைச் சேர்க்காமல் அப்படியே உலர்த்தி வைத்து, அடுத்த முறை காய்ச்சும் அன்று சானிடைசரில் நனைத்த பிறகுதான் பூட்டுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஏர்லாக்கில் (மூடியில் நின்று கேஸை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாமல் தடுப்பது) தண்ணீர் விடுவதா, சானிடைசர் விடுவதா?

பழையபீப்பாய்:
சானிடைசர். வாளி குளிரும்போது உள்ளே உறிஞ்சிக்கொண்டாலும் அதில் ஒன்றும் பயமில்லை. ஏர்லாக் நிற்கும் ரப்பர் வளையத்தையும் மூடியிலிருந்து எடுத்துப் பாருங்கள், அதன் அடியிலும் பழுப்பு வளையம் ஒளிந்திருக்கும்.

வோர்ட்வாசி:
எடுத்தேன். இருந்தது. ஊறப் போட்டிருக்கிறேன்.